கையெழுத்து ஒரு தொகைக்கு, காசு வேறு தொகையா?



ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நம்ம மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தி முழுக்க மழைத்தண்ணி. மழை விட்டு, பாத்தியைச் சரிபண்ணி, தண்ணி கட்டி, மறுபடி உப்பு வார ஆரம்பிக்கிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியணுமே! அந்த மாதங்களில் நம்ம உறுப்பினர்கள் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். சிலர் மீன் வியாபாரத்துக்கு. சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி புதுச்சேரிக்கு, இன்னும் சிலர் திண்டிவனத்துக்கு. அங்கே ஆஸ்பத்திரிகளில் கூட்டுவது, வார்டு துடைப்பது, துணி வெளுப்பது, ஆயா வேலை. மழைக்காலத்துக்கு மட்டும் என்று போனவர்களில் பலர் அதிலேயே தங்கிவிட்டார்கள். வெயிலில் உப்புக் கூடை சுமப்பதைவிட நிழலில் வேலை பரவாயில்லை என்கிறார்கள். வாஸ்தவம்தான்.

அப்படிப் போகிற ஒரு சகோதரி நம்ம கூட்டத்தில் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஊரும் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் மாசம் பிறந்து ஏழாம் தேதிவாக்கில் சூப்பர்வைசர் ஒரு பெரிய நோட்டைக் கொண்டு வருவார். பேருக்கு எதிரே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். அதன்மேல் கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. கவரில் பணம் கொடுப்பார். மூணு வருஷமாக இப்படித்தான். நம்ம சகோதரி குழுவில் பிரதிநிதி ஆனபிறகு தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு எல்லாம் பார்த்துப் பழகிவிட்டார். ஒரு மாசம் கையெழுத்துப் போடும்போது கண்ணு தானாகத் தொகைக் கட்டத்துக்குப் போனது. எழுதியிருந்தது 9,500. கவரில் இருந்தது 7,000.

"இன்னா சார், இதுல ஒண்ணு எழுதியிருக்கு, கைல ஒண்ணு குடுக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"அது கணக்குக்காகம்மா" என்று பதில் வந்தது.

கணக்குக்காக என்றால் யார் கணக்குக்காக? குழுவில் நம்ம யாராவது 9,500 என்று எழுதி 7,000 கொடுத்தால் விடுவோமா?

அடுத்த மாசம் அவரும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து, "எங்களுக்குச் சம்பளத்தை செக்கா குடுங்க, இல்லன்னா பேங்க் கணக்குல போடுங்க" என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுப்பதற்கு முன்னால் கூட வேலை செய்யும் பெண்களே மறுத்துவிட்டார்கள்! பத்துப் பேரில் நாலு பேர் செக் வேணும் என்கிறார்கள், ஆறு பேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி? கூட்டத்தில் இதைப் பற்றி ரெண்டு மணி நேரம் பேசினோம். டீ ஆறிப்போனதுதான் மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

வேண்டாம் என்ற ஆறு பேரை விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நாம் அனுபவித்ததுதான்.

"காலைல ஏழு மணிக்கு டூட்டி, சாயந்தரம் விடும்போது பேங்க் மூடியிருக்கும். பணம் எடுக்க ஒரு நாள் லீவு போடணும். ஒரு நாள் கூலி போச்சுன்னா செக்கு எதுக்கு?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் நகைக்கடன் வைத்திருக்கிறார், வட்டி பாக்கி. சம்பளம் அந்த பேங்கிலேயே விழுந்தால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். மூன்றாவது ஒருவருக்கு ஏ.டி.எம். கார்டு வீட்டுக்காரர் சட்டைப்பையில். "கைல காசா குடுத்தா பாதியாவது அரிசி வாங்கிட்டு வீட்டுக்குப் போவேன். கணக்குல போட்டா எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவருக்கு மெசேஜ் போயிடும், போன் நம்பரே அவரோடதுதான்" என்றார். அந்த இடத்தில் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

வேணும் என்ற நாலு பேரின் காரணம் அந்த 2,500 ரூபாய். அதோடு சம்பள நாளில் ஆஸ்பத்திரி கேட்டிலேயே தண்டல்காரர் நிற்பார். கவர் கைமாறுகிற இடம் அவருக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம். விசாரித்தால் வேடிக்கையாக இருக்கிறது. சம்பளத்தைக் கையில் காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே ஒரு காலத்தில் கட்டாயப்படுத்தியது. அதுவும் தொழிலாளியைக் காப்பாற்றுவதற்காக!

முன்பெல்லாம் கூலி என்றால் பணம் இல்லை. 'சம்பளம்' என்ற சொல்லே சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து வந்தது என்று சொல்வார்கள். உப்பளத்துக்காரர்களான நமக்கு அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலியைப் பொருளாக வாங்கினால் அளக்கிறவன் கைதான் மேலே இருக்கும். நெல்லில் பதர், உப்பில் மண். இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் கூலிக்குப் பதிலாகச் சீட்டுக் கொடுத்து, தங்கள் கடையிலேயே அதிக விலைக்குச் சாமான் வாங்க வைத்தார்கள். அதைத் தடுக்க 1831-ல் அங்கே சட்டம் வந்தது, கூலியை நாணயமாகத்தான் கொடுக்கணும் என்று. அதே யோசனையில்தான் நம்ம நாட்டில் 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. சம்பளத்தைப் புழக்கத்தில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்க வேண்டும் என்றது. 1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ரொக்கம் என்றுதான் சொன்னது. அந்தக் காலத்தில் கூலிக்காரரின் எதிரி நெல்லும் சீட்டும். ரொக்கம்தான் பாதுகாப்பு.

பிறகு 1976-ல் ஒரு திருத்தம். தொழிலாளி எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தால் செக்காகவோ பேங்க் கணக்கிலோ கொடுக்கலாம் என்றார்கள். அதாவது செக் வேணுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை தொழிலாளி கையில் இருந்தது. அது நாற்பது வருஷம் நீடித்தது. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தது யாருக்காவது மறக்குமா? அந்த டிசம்பர் 28-ம் தேதி ஒரு அவசரச் சட்டம் வந்தது. அதன்படி தொழிலாளியின் சம்மதம் இல்லாமலேயே செக்காகவோ கணக்கிலோ சம்பளம் போடலாம். 2017-ல் அதுவே நிரந்தரமான திருத்தமானது. எந்தத் தொழிலில் ரொக்கமே கூடாது என்று அறிவிக்கும் அதிகாரமும் அரசுக்கு வந்தது.

இதில் நமக்கு ஒரு ஓட்டை. 1936 சட்டம் ஃபாக்டரி, ரயில்வே என்று பட்டியல் போட்டுப் பேசிய சட்டம். ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் வேலை தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உண்டு, உப்பளமும் உண்டு. ஆனால் சம்பளத்தை எப்படி, எந்தத் தேதிக்குள் தரணும் என்ற சட்டம் எல்லோருக்கும் பொருந்தவில்லை.

அந்த ஓட்டையை அடைத்தது 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டம். அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது எல்லா நிறுவனத்துக்கும், எல்லா ஊழியருக்கும் பொருந்தும். தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவருக்கும் சேர்த்துத்தான். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழாம் தேதி முடிவதற்குள் தர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அபராதம் என்று பிடித்தால் அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குறைவாகக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்குள் முறையிடலாம். முன்பு குறைந்தபட்சக் கூலிக்கு ஆறு மாசம், சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒரு வருஷம்தான் கெடு இருந்தது. இப்போது நேரம் கூடியிருக்கிறது.

ரொக்கமாகத் தருவது குற்றமா? இல்லை. அரசு தனியாக அறிவித்த தொழில் தவிர மற்றதில் ரொக்கம், செக், கணக்கில் போடுவது எல்லாமே செல்லும். ஆனால் ஆஸ்பத்திரிச் சுத்த வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட்தானே! அதற்கு வேறு தொகுப்புச் சட்டம், அதுவும் அதே நவம்பர் 21-ல் வந்தது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்தில் காண்ட்ராக்டர் சம்பளத்தை பேங்க் மூலமாகவோ மின்னணு முறையிலோதான் தரணும் என்கிறது. எவ்வளவு கொடுத்தோம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் தெரிவிக்கணும். அப்படித் தரவே வழியில்லாத இடத்துக்கு மட்டும் விலக்கு. காண்ட்ராக்டர் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ அந்தச் சம்பளத்துக்கு ஆஸ்பத்திரியே பொறுப்பு. "நாங்க காண்ட்ராக்டருக்குக் குடுத்துட்டோம், அவரைக் கேளுங்க" என்று கைகழுவ முடியாது.

சட்டம் போதும். செக் என்றால் என்ன என்று இனிப் பார்ப்போம். நம்மில் பலருக்கு இது புதுசே இல்லை. குழுக் கணக்கில் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தானே பணம் எடுக்கிறோம்? முதல் தடவை செக் எழுதும்போது கை நடுங்கியதும், எழுத்தில் ஒரு தொகை எண்ணில் ஒரு தொகை எழுதி மேனேஜரிடம் திட்டு வாங்கியதும் மறந்துபோச்சா? அப்போது நாம் கொடுக்கிற இடத்தில் இருந்தோம். இப்போது வாங்குகிற இடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கியதும் பார்க்க வேண்டியது செக்கின் இடது மூலை. அங்கே குறுக்கே ரெண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதியிருக்கணும். அப்படி இருந்தால் அந்தப் பணம் உங்கள் கணக்குக்குத்தான் போகும், வேறு யாரும் கவுண்டரில் மாற்ற முடியாது. கோடு இல்லாமல் 'பேரர்' செக்காக இருந்தால் கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும் பணம் வாங்கிக்கொள்ளலாம். சில இடங்களில் எல்லோருக்கும் பேரர் செக் எழுதி, பின்பக்கம் கையெழுத்து வாங்கி, சூப்பர்வைசரே மொத்தமாக மாற்றி வந்து கவரில் போட்டுக் கொடுப்பதாகவும் கேள்விப்பட்டோம். அது செக்கே இல்லை. பழைய கவர்தான், நடுவில் ஒரு காகிதம் வந்திருக்கிறது. கோடு போட்டுத்தான் வேணும் என்று கேளுங்கள்.

தேதியையும் பாருங்கள். செக் அதில் போட்ட தேதியிலிருந்து மூணு மாசம்தான் செல்லும். 2012 ஏப்ரல் வரை ஆறு மாசம் இருந்தது, சிலர் இன்னும் அதையே நினைத்து அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். முன்தேதி போட்டு, "இருபதாம் தேதி போடுங்கம்மா" என்று கொடுத்தால் சம்பளம் தாமதமாகிறது என்று அர்த்தம். போட்ட பிறகு ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் பேங்க் புது முறை கொண்டுவந்து, வேறு பேங்க் செக்கும் வேலை நாளில் நேரத்தோடு போட்டால் அன்றைக்கே முடிவு தெரிகிற மாதிரி செய்திருக்கிறது.

செக் திரும்பி வந்தால்? ரொக்கம் கொடுக்காமல் இழுத்தடித்தால் சாட்சி தேடணும். செக் திரும்பினால் பேங்க் கொடுக்கிற சீட்டே சாட்சி. அந்தச் சீட்டு வந்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பணும். அவர் கைக்குப் போய்ப் பதினைந்து நாளில் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். ரெண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப்போல் ரெண்டு மடங்கு வரை அபராதம், அல்லது ரெண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நாள் கணக்கு தவறினால் வழக்குப் பலவீனமாகிவிடும். அதனால் திரும்பிய செக்கை ஆற அமர வைத்துக்கொண்டிருக்காமல் உடனே கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது பல இடங்களில் செக் எழுதாமல் நேராகக் கணக்கில் ஏற்றுகிறார்கள். அதில் பேங்குக்கு நடக்கிற வேலை குறைவு, செக் தொலைகிற பயமும் இல்லை. ரெண்டிலும் நமக்குக் கிடைக்கிற லாபம் ஒன்றுதான். யார், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார் என்பது பாஸ்புக்கில் பதிவாகிறது. 9,500 என்று எழுதி 7,000 கொடுக்கிற வித்தை அங்கே நடக்காது.

ஆனால் வேறு வித்தை நடக்கும். கேரளாவில் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் 2011, 2012 வாக்கிலும் பிறகு 2017-லும் பெரிய போராட்டங்கள் நடத்தினார்கள். குறைந்த சம்பளம், நீண்ட நேர வேலை, சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது என்று அவர்கள் வரிசையாகக் குறை சொன்னார்கள். 2018 ஏப்ரலில் அங்கே நர்சுகளின் அடிப்படைச் சம்பளத்தை 20,000 ரூபாயாக அறிவித்தார்கள். படித்த, சங்கமாகச் சேர்ந்த பெண்களுக்கே இவ்வளவு பாடு. நம்ம பக்கம் கேட்டதில், சேரும்போதே பேங்க் கணக்கு ஆரம்பித்துத் தருகிறோம் என்று சொல்லி, வந்த ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் மேஸ்திரியே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கணக்கில் முழுச் சம்பளம் விழும். மேஸ்திரி எடுத்து, தனக்குத் தோன்றியதைக் கொடுப்பார். அல்லது, "முழுசா போட்டிருக்கோம், ரெண்டாயிரத்த எடுத்து நாளைக்குக் குடுத்துடு" என்பார். இதில் ஆபத்து ரொக்கத்தைவிட அதிகம். ஏனென்றால் பாஸ்புக்கே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும், முழுச் சம்பளம் வாங்கினீர்கள் என்று.

ஆகவே கார்டு உங்களிடம், ரகசிய எண் உங்கள் மனசில், கணக்கோடு சேர்த்த போன் நம்பர் உங்களுடையது. இந்த மூன்றும் இல்லாமல் செக்கோ பேங்கோ கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்பது எங்கள் கருத்து. வீட்டுக்காரர் விஷயமும் இதில்தான் வருகிறது. அவர் போன் நம்பரை மாற்றுவது பேங்கில் ஒரு படிவம், வீட்டில் ஒரு சண்டை. ரெண்டாவதற்கு எங்களிடம் படிவம் இல்லை. ஆனால் குழுவிலிருந்து ரெண்டு பேர் போய்ப் பேசினால் பல வீடுகளில் காரியம் நடந்திருக்கிறது.

பேங்க் தூரம் என்று சொன்னவர்களுக்கும் பதில் சொல்லணும். முன்பு பேங்க் என்றாலே ஏழைப் பெண்ணுக்கு எட்டாத இடம். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி மங்கலம் கிராமத்தில் 2005 டிசம்பரில் இந்தியன் பேங்க் வீடு தவறாமல் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது. எல்லா வீட்டுக்கும் பேங்க் வசதி கிடைத்த நாட்டின் முதல் கிராமம் என்று அதைச் சொன்னார்கள். இப்போது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எந்த பேங்கிலும் ஆரம்பிக்கலாம். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. மாசம் நாலு தடவையாவது கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். வருடக் கட்டணம் இல்லாத ஏ.டி.எம். கார்டும் உண்டு. பேங்க் மூடிய பிறகும் ஏ.டி.எம். இருக்கிறது. நகைக்கடன் பாக்கி பயம் இருக்கிறவர் கடன் இல்லாத வேறு பேங்கில் சம்பளக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் தப்பில்லை. கடனைக் கட்டாமல் விடச் சொல்லவில்லை, எப்போது கட்டுவது என்று நீங்கள் முடிவு செய்யணும் என்றுதான் சொல்கிறோம்.

இதே பிரச்சினையை நாம் 100 நாள் வேலையிலும் பார்த்திருக்கிறோம். 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் நாட்டில் முதலில் ஆரம்பித்த 200 மாவட்டங்களில் நம்ம விழுப்புரமும் ஒன்று. 2008 வாக்கில் மற்ற மாநிலங்களில் கூலியை போஸ்ட் ஆபீஸ், பேங்க் கணக்குக்கு மாற்றினார்கள். வேலை தருகிறவர் கையும் பணம் தருகிறவர் கையும் வேறு வேறாக இருந்தால் திருட்டுக் குறையும் என்பது காரணம். தமிழ்நாட்டில் மட்டும் இன்னும் சில வருஷம் கையில் காசாகவே கொடுத்தார்கள். வாராவாரம் கைக்கு வந்தது என்று நமக்கு அது பிடித்திருந்தது. கணக்குக்கு மாறிய பிறகு திருட்டுப் புகார் குறைந்தது, தாமதப் புகார் கூடியது. கூலிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தது நினைவிருக்கும். அதனால்தான் செக் கேட்கும்போது தேதியையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறோம். ஏழாம் தேதி என்று சட்டத்திலேயே இருக்கிறது.

வளைகுடாவுக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். துபாய் இருக்கிற ஐக்கிய அரபு நாட்டில் 2009-ல் ஊதியப் பாதுகாப்பு முறை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கம்பெனி சம்பளத்தை பேங்க் வழியாகப் போடணும், போட்டதா இல்லையா என்று அரசு கம்ப்யூட்டரில் பார்க்கும். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாசக்கணக்கில் சம்பளம் தராமல் வைத்திருந்தால் அரசுக்குத் தெரிய ஒரு வழியாவது உண்டு.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது வார்டில் கழிவு அள்ளியது யார்? நம்ம பெண்கள்தான். அந்த மார்ச் 30-ம் தேதி மத்திய அரசு, கொரோனாப் பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று திட்டம் கொண்டுவந்தது. கொரோனாப் பணிக்கு எடுக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரி ஊழியர், ஒப்பந்த ஊழியர், தினக்கூலியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆனால் இன்னார் இங்கே வேலை செய்தார் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டில் பேர் இல்லை, கவரில் ரொக்கம் வாங்கியவர் என்றால் குடும்பம் எதைக் காட்டும்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. விஷயமும் இப்படித்தான். சம்பளம் பேங்கில் பதிவானால் அதற்கேற்ற பிடித்தம் கட்டியிருக்கிறார்களா என்று சரிபார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். நூற்றுக்கு 12, அதாவது 1,200. இ.எஸ்.ஐ. நூற்றுக்கு முக்கால் ரூபாய், அதாவது 75. கைக்கு வர வேண்டியது 8,725. "பி.எஃப். பிடிச்சது போக 7,000" என்று யாராவது சொன்னால் மீதி 1,725 எங்கே போனது என்று கேட்கலாம். பிடித்ததைக் கட்டினார்களா என்று பார்க்க, பி.எஃப். எண்ணோடு சேர்த்த உங்கள் போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் மெசேஜ் வரும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வரை கிடைக்கிற வாய்ப்பு உண்டு. அந்த 75 ரூபாய் சும்மா போகிற பணம் இல்லை.

யாரிடம் முறையிடுவது? வேலை செய்யும் இடம் எங்கே என்பதுதான் கணக்கு, வீடு எங்கே என்பது இல்லை. திண்டிவனத்து ஆஸ்பத்திரி என்றால் நம்ம மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். புதுச்சேரி ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை. மரக்காணத்திலிருந்து போகிறவர்கள் இதில் குழம்பி ரெண்டு பஸ் செலவு செய்துவிடுகிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. விழுப்புரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

அந்தப் பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். நாலு பேரும் தங்கள் கணக்கு எண்ணை எழுதி, எங்கள் சம்பளத்தை இதில் போடவும் என்று ஒரு மனு கொடுத்தார்கள். கொடுத்ததற்கு நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குழுவில் பழகிய புத்தி! முதல் மாசம் ஒன்றும் நடக்கவில்லை. ரெண்டாவது மாசம் கணக்கில் 8,300 விழுந்தது. முழுதும் இல்லை, ஆனால் 7,000-மும் இல்லை. மீதிக்குச் சம்பளச் சீட்டுக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்ற ஆறு பேரில் ரெண்டு பேர் புதுக் கணக்கு ஆரம்பிக்கப் படிவம் வாங்கியிருக்கிறார்கள். போன் நம்பர் பிரச்சினை சொன்ன சகோதரி இன்னும் கவரில்தான் வாங்குகிறார். ஆனால் இப்போது நோட்டில் உள்ள தொகையைப் படித்துவிட்டு, கைக்கு வந்ததை எண்ணி, பக்கத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறாராம். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை.

வெளி வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வாருங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊக்குநர்கள் மூன்று பேர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.